1971 ஃப்ரேஸியரா, 1988 டைசனா?

நண்பரே, குத்துச்சண்டையில் முகமது அலியை வென்ற 1971 ஜோ ஃப்ரேஸியரும், மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் சாய்த்த 1988 மைக் டைசனும் மோதினால் யார் ஜெயிப்பார் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அண்ணன் டைசன் என்கிறார், நீங்கள் ஃப்ரேஸியர் பக்கம். எனக்கும் ஃப்ரேஸியர் மேல்தான் பிரியம். ஆனாலும் என் கணிப்பு டைசன், நான்கு ரவுண்டுக்குள்.

காரணம் ஃப்ரேஸியரின் தொடக்கம். அவருக்கு உடம்பு சூடேறவே இரண்டு மூன்று ரவுண்டு ஆகும். 1966-இல் அர்ஜென்டினா வீரர் ஆஸ்கர் போனவேனா இரண்டாவது ரவுண்டிலேயே அவரை இரண்டு முறை விழவைத்தார். 1973-இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஜார்ஜ் ஃபோர்மன் இரண்டே ரவுண்டில் ஆறு முறை! அந்தச் சண்டையைப் போட்டுப் பாருங்கள்: குனிந்து ஆடி ஆடி உள்ளே வருகிற தலை, கீழிருந்து ஏறும் அப்பர்கட்டுக்கு நேராக வந்து நிற்கும். டைசனின் வலது அப்பர்கட் இன்னும் வேகம். ஃப்ரேஸியரோ பின்வாங்கவே மாட்டார், அவரே தேடிப் போவார். டைசனைத் திணறடித்தவர்கள் வேறு மாதிரி: 1990-இல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் போல, உயரமாக நின்று ஜாப் (முன்னால் இருக்கும் கையின் நேர்க்குத்து) குத்தித் தள்ளியே வைத்தவர்கள்.

சரி, ஐந்தாவது ரவுண்டைத் தாண்டிவிட்டால்? ஃப்ரேஸியரின் இடது கை சின்ன வயதில் அடிபட்டு, முழுதாக நீளாமல் வளைந்தே நின்றுவிட்டது. அந்தக் கையின் ஹூக்தான் (பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து) 15-ஆவது ரவுண்டில் அலியை மல்லாக்க விழவைத்தது. டைசன் 12 ரவுண்டுக்கு மேல் ஆடியதே இல்லை. ஆறாவது மணி அடிக்கும்போது ஃப்ரேஸியர் இன்னும் நின்றுகொண்டிருந்தால், நான் உங்கள் பக்கம் வந்துவிடுவேன்.