பவர் ஏறாமல் நின்றுவிட்டது, இன்னும் எதற்கு வருடா வருடம் கண் ஸ்கேன்?

கேட்டவர் குன்னூர்க்காரர். வயது 29, இரண்டு கண்ணிலும் மைனஸ் 8, ஐந்து வருடமாகப் பவர் மாறவில்லை. அப்படியும் கோயம்புத்தூரில் வருடம் ஒருமுறை ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். தேவையா, அதில் கதிர்வீச்சு ஆபத்து உண்டா, லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றிவிட்டால் இந்த அலைச்சல் தீருமா என்று கேட்டிருக்கிறார்.

தேவை. நான் கோத்தகிரி பக்கம், எனக்கு மைனஸ் 9. பதினோரு வயதில் கண்ணாடி போட்டேன். அதிலிருந்து 33 வயது வரை என் கண்ணின் உட்புறத்தை யாரும் பார்த்ததே இல்லை. வருடா வருடம் ஒரே ஆப்டிகல்ஸ் கடைக்குப் போவோம். போர்டில் கடைசி வரியை நான் படித்ததும் அம்மாவுக்கு நிம்மதி, புதுக் கண்ணாடியோடு வீடு திரும்புவோம். சொட்டு மருந்து போட்டு உள்ளேயும் ஒருமுறை பாருங்கள் என்று அன்றைக்கு ஒருவர் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.

பிறக்கும்போது நம் விழி முன்னிருந்து பின்னாகச் சுமார் 17 மில்லிமீட்டர் நீளம். வளர்ந்தவருக்கு 23.5, 24 இருக்கும். அதற்குமேல் நீண்டால் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடும். பெரும்பாலான கிட்டப்பார்வை இப்படி வருவதுதான். ஒரு மில்லிமீட்டர் கூடினால் ஏறக்குறைய இரண்டரை, மூன்று பவர் ஏறும். 26 மில்லிமீட்டரைத் தாண்டினால் அதிகக் கிட்டப்பார்வைக் கணக்கில் சேர்ப்பார்கள். கண் நீள்கிறதே தவிர, அதற்கு ஈடாக விழித்திரை புதிதாக முளைப்பதில்லை. பரோட்டா மாஸ்டர் மாவை வீசி இழுக்கும்போது அது மெலிந்து அங்கங்கே பொத்தல் விழுமே, அதே கதைதான் உள்ளே. கண்ணாடி வெளிச்சத்தைச் சரியான இடத்தில் விழ வைக்கிறது, அவ்வளவுதான். லேசர் சிகிச்சை முன்பக்கக் கருவிழியைச் செதுக்குகிறது. இரண்டும் கண்ணின் நீளத்தைத் தொடுவதில்லை. எனவே கண்ணாடியைக் கழற்றினாலும் உங்கள் விழித்திரை மைனஸ் 8-காரரின் விழித்திரைதான்.

கதிர்வீச்சு பயம் வேண்டாம். இதில் எக்ஸ்ரே கிடையாது, வெறும் ஒளிதான். நீளத்தை அளக்கும் கருவி அகச்சிவப்பு ஒளியைக் கண்ணுக்குள் அனுப்பி, விழித்திரையில் பட்டுத் திரும்புவதை வைத்துக் கணக்கிடுகிறது. கண்ணில் எதுவும் படாது, சில விநாடிதான். முன்பெல்லாம் மரத்துப்போகும் சொட்டு போட்டு, அல்ட்ராசவுண்ட் முனையைக் கருவிழியில் வைத்து அளப்பார்கள். சற்று அழுத்திவிட்டால் கண் சின்னதாகக் காட்டும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: புரை அறுவைக்கு லென்ஸ் பவர் கணக்கிட வைத்திருப்பதும் இதே கருவிதான். புரை அறுவை நடக்கும் நல்ல மருத்துவமனை எதிலும் உங்கள் நீளத்தை அளக்க முடியும். வாய்விட்டுக் கேளுங்கள், எண்ணை எழுதி வாங்குங்கள்.

பவர் எண்ணை மட்டும் நம்பினால் ஏமாறலாம். என் அம்மாவுக்கு 60 வயதுக்கு மேல் மைனஸ் பவர் ஏறத் தொடங்கியது. எங்கள் குடும்பக் கண்ணே இப்படித்தான் என்று நினைத்தோம். அளந்தால் நீளம் மாறவில்லை. லென்ஸின் நடுப்பகுதி கெட்டியாகிப் புரை வளர்ந்துகொண்டிருந்தது. குழந்தைகளில் வேறு விதம். கிட்டே உற்றுப் பார்த்துப் பழகிய தசை இறுகி, இல்லாத பவரையும் காட்டும்; சொட்டு போட்டு அதைத் தளர்த்தித்தான் சோதிக்க வேண்டும். என் மகளுக்கு ஒன்பது வயதில் 24.1 மில்லிமீட்டர். ஆறே மாதத்தில் 24.3. கண்ணாடி பவர் கால்தான் கூடியிருந்தது, அதை மட்டும் பார்த்திருந்தால் விட்டிருப்போம். நீளத்தின் வேகத்தைப் பார்த்துத்தான் டாக்டர் கண் நீள்வதை மெதுவாக்கக் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு தொடங்கினார். அடுத்த ஒரு வருடம் முழுக்க 0.15தான் கூடியது. வெளிச்சத்துக்காகப் பள்ளிவிட்டு வந்ததும் வெளியே விளையாட விடச் சொன்னார். மேகமூட்டமான நாளிலும் வெளியே உள்ள வெளிச்சம் வகுப்பறையைவிடப் பல மடங்கு என்பதால், மழை விட்ட நேரமெல்லாம் அவள் தேயிலைத் தோட்டத்தில்தான்.

சரி, ஒளியால் விழித்திரையைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனுக்கு வருவோம். 1991-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த குழு வெளியிட்ட முறை அது. விழித்திரையை வெட்டாமலே அதன் குறுக்குவெட்டைக் காட்டும், மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில். நடுப்பார்வைப் பகுதி அடுக்கடுக்காகப் பிரிகிறதா, அடியில் புது ரத்தக்குழாய் முளைத்து நீர் கசிகிறதா என்பதெல்லாம் போர்டில் தடுமாற்றம் தெரியும் முன்பே இதில் தெரியலாம். கசிவைச் சீக்கிரம் கண்டால் கண்ணுக்குள் போடும் ஊசியால் பார்வையைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். விழித்திரைக்கு அடியிலுள்ள ரத்தக்குழாய் அடுக்கான கோராய்டு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதும் அதிலேயே தெரியும்.

ஆனால் ஓசிடி தாளில் சிவப்பு நிறத்தைப் பார்த்து நடுங்காதீர்கள். நான் நடுங்கினேன். ஓர் இடத்தில் நரம்பு அடுக்கு சிவப்பாக வந்ததும் க்ளௌகோமா, அதாவது பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய் என்று அன்றைக்கே சொட்டு எழுதிவிட்டார்கள். எட்டு மாதம் போட்டேன். வேறொரு டாக்டர்தான் பொறுமையாக விளக்கினார்: அந்த நிறம் கருவியில் பதிந்துள்ள இயல்பான கண்களோடு ஒப்பிட்டு வருவது, அந்தத் தொகுப்பில் நம்மைப் போல் நீண்ட கண்கள் பெரும்பாலும் கிடையாது, நீண்ட கண்ணில் நரம்பு சாய்ந்து புகுவதால் அடுக்கு இடம் மாறித் தெரியும் என்று. உண்மையிலேயே நமக்குக் க்ளௌகோமா வரும் வாய்ப்பும் அதிகம், அதனால் அலட்சியமும் கூடாது. உங்கள் கண்ணை உங்கள் கண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்: முதல் வருடப் படம், அடுத்த வருடப் படம், முடிந்தால் அதே கருவியில். பவர் நின்றுபோன உங்களுக்கும் வருடா வருடம் எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். பழைய தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

படம் எல்லாவற்றையும் பிடித்துவிடாது. சாதாரண விழித்திரைப் புகைப்படம் நடுப்பகுதியைத்தான் எடுக்கும். அகலப் படம் வெகுதூரம் போனாலும், விளிம்பில் மெலிந்த இடங்களைக் கண்டுபிடிக்க டாக்டர் தலையில் விளக்கு மாட்டிப் பார்ப்பதுதான் நிச்சயம். என் வலக்கண்ணின் ஓட்டையை அப்படித்தான் பார்த்தார்கள், லேசர் போட்டு அடைத்தார்கள். பாவையை விரிக்கும் சொட்டு போட்டுப் பார்க்கும் அன்றைக்குப் பைக்கில் போகாதீர்கள். பாவை விரிந்த கண்ணோடு மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் எதிர்வெயிலைச் சமாளிக்க முடியாது. துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போங்கள்.

கண்ணுக்குள் திடீர் மின்னல், கரும்புள்ளி மழை, ஓரத்தில் திரை இறங்குவது போல் நிழல், இதில் எது வந்தாலும் வருடாந்திரத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றே கிளம்புங்கள். என் சித்தப்பா திரையோடு நான்கு நாள் இலை பறித்துவிட்டுத்தான் போனார், விழித்திரை பிரிந்துவிட்டிருந்தது. அறுவை செய்து உள்ளே வாயு நிரப்பினார்கள். டிஸ்சார்ஜ் அன்று எந்த ஊர் என்று ஒரு நர்ஸ் கேட்டார். கோத்தகிரி என்றதும் தாளை வாங்கி வைத்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிட்டார். மலை ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், கண்ணுக்குள் உள்ள வாயு விரியும், அது விரிய இடமில்லாததால் அழுத்தம் எகிறிக் கண்ணின் ரத்த ஓட்டமே நின்றுபோகலாம். கோத்தகிரி கிட்டத்தட்ட 6,000 அடி. போட்ட வாயு எது என்பதைப் பொறுத்து, அது கரைய இரண்டு வாரமும் ஆகும், இரண்டு மாதமும் ஆகும். சித்தப்பா காரமடையில் அத்தை வீட்டில் ஏழு வாரம் இருந்தார். வாயு முழுக்கக் கரைந்ததை டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் பஸ் ஏறினார். உங்களுக்கு அப்படி ஒரு நிலை வர வேண்டாம். வந்தால், குன்னூர் என்று முதல் நாளே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.