குளிர்ல கெண்டை எங்கதான் போகுது? தூண்டில்காரங்க கேள்வி-பதில்

கேள்வி: சார், வெயில் காலத்துல நல்லா கடிச்ச அதே ஏரி, அதே இடம், அதே இரை, ஆனா குளிர் ஆரம்பிச்சதுல இருந்து கெண்டை கிட்டயே வர மாட்டேங்குது. குளிர்ல அது சாப்பிடவே சாப்பிடாதா, தூங்கிடுமா?

பதில்: தூங்காதுங்க, ஆனா ரொம்ப மந்தமாயிடும். மீனுக்கு நம்மள மாதிரி உடம்புச் சூடுன்னு தனியா கிடையாது, தண்ணி என்ன டிகிரியோ உடம்பும் கிட்டத்தட்ட அதே டிகிரிதான். சாதாக்கெண்டை (காமன் கார்ப்) 20 டிகிரிக்கு மேல வெறியா மேயும், 10 டிகிரிக்குக் கீழ போனா தீனி நல்லா குறைஞ்சிடும், 4-5 டிகிரில ஏதோ பேருக்கு ஒரு வாய். இன்னொரு விஷயம், கெண்டைக்கு இரைப்பையே கிடையாது, தொண்டையில இருக்கற பல்லால அரைச்சு நேரா குடலுக்கு அனுப்பிடும், குளிர்ல அந்தக் குடலும் மெதுவாதான் வேலை செய்யும். அதனால ஒரு தடவை சாப்பிட்டா அடுத்த பசி எப்ப வரும்னு சொல்ல முடியாது. நீங்க நாள் பூரா உக்காந்திருக்கலாம், அது மேயறது சில சமயம் அரை மணி நேரம் மட்டும்தான். அந்த அரை மணி நேரத்துல உங்க தூண்டில் முள் அது வாய்க்குப் பக்கத்துல கிடக்கணும், ஏன்னா இரையைத் தேடி தூரம் நீந்தி வர்ற தெம்பு அதுக்கு இருக்காது. வெயில் காலத்துல மீன் இரைகிட்ட வரும், குளிர்ல நாமதான் இரையை மீன்கிட்ட கொண்டு போகணும். அதனால உங்க பிரச்சனை இரை இல்ல, இடம்.

கேள்வி: அப்போ எங்க போடணும்? எல்லாரும் ஆழமான இடத்துல போடுன்னு சொல்றாங்க, போட்டேன், ஒண்ணும் இல்ல.

பதில்: அந்தப் பேச்சு பாதிதான் உண்மை. தண்ணி 4 டிகிரில இருக்கும்போதுதான் எடை அதிகம், அதனால நல்ல ஆழமான ஏரில மேல ஐஸ் கட்டினாலும் அடியில 4 டிகிரி தண்ணி தங்கும், மீன் அங்க இறங்கும். ஆனா ஆழம் கம்மியான குளத்துல காத்து அடிச்சா மேல இருக்கறது கீழ இருக்கறது எல்லாம் கலந்து ஒரே சூடா ஆயிடும், அங்க ஆழத்துக்குப் போறதுல மீனுக்கு லாபமே இல்ல. அப்போ அது பாக்கறது அமைதியான இடம். விழுந்து கிடக்கற மரம், நாணல் ஓரம், குளிர்காத்து நேரா அடிக்காத மூலை, அடியில சேறு படிஞ்ச பள்ளம், இதுலதான் அடைஞ்சு கிடக்கும். தொடர்ந்து ரெண்டு மூணு நாள் வெயில் அடிச்சா மதியத்துக்கு மேல வெயில் நேரா விழுற கரையோர ஆழமில்லாத பகுதிக்குக் கூட வரும், ஒரு டிகிரி கூடினாலே அதுக்குத் தெரியும்.

முக்கியமான சங்கதி என்னன்னா குளிர்ல கெண்டை சிதறி இருக்காது, கூட்டமா நெருக்கி நிக்கும். ஏரியில முக்கால்வாசி இடம் காலியா இருக்கும், ஒரு மூலையில மொத்தமும் நிக்கும். காலியான இடத்துல உலகத்துலயே நல்ல இரையைப் போட்டாலும் வீண்தான். அதனால தூண்டிலை விரிக்கறதுக்கு முன்னாடி கரையைச் சுத்தி நடங்க, விடியக்காலையிலயும் சாயங்காலமும் தண்ணி மேல மீன் புரளுதான்னு பாருங்க, தூண்டில் நரம்புல (நைலான் நூல்) எதாவது உரசற மாதிரி லேசா ஆட்டம் தெரிஞ்சா அந்தப் பக்கம் மீன் இருக்குன்னு குறிச்சுக்கோங்க. ஒரு மணி நேரத்துல ஒரு அறிகுறியும் இல்லன்னா எழுந்து இடம் மாத்துங்க. சோம்பேறித்தனமா ஒரே இடத்துல காத்துக் கிடக்கறது வெயில் காலத்து பழக்கம். ஒரு தடவை கண்டுபிடிச்சிட்டா அந்த இடம் அடுத்தடுத்த வருஷமும் உதவும், பெரும்பாலும் அதே பள்ளத்துக்குத்தான் திரும்பி வருது.

கேள்வி: இரை என்ன, எவ்வளவு தூவணும்?

பதில்: கம்மியா, ரொம்ப கம்மியா. வழக்கமா வாளி வாளியா கொட்டறவங்க குளிர்லயும் கொட்டறாங்க, அது அப்படியே அடியில அழுகிப் போகுது. ஒரு கைப்பிடி போதும், ஒரு மீன் ஏறின பிறகுதான் அடுத்த கைப்பிடி. ஈப்புழு, மண்புழு, ஸ்வீட்கார்ன், ரொட்டித் துண்டு மாதிரி சின்னதா சீக்கிரம் செரிக்கறதா வைங்க. எண்ணெய் நிறைய உள்ள பெல்லட்டை (உருண்டையா அழுத்தின மீன் தீவனம்) தள்ளி வைங்க, மீன் எண்ணெய் குளிர்ல கெட்டியாயிடும், வாசனை தண்ணில பரவாது. பாசி செத்து தண்ணி தெளிவா இருக்கற நேரம், அதனால மஞ்சள், வெள்ளை மாதிரி பளிச்சுனு தெரியற ஒரே ஒரு இரைகூட நல்லா எடுக்கும்.

கேள்வி: தக்கை லேசா ஆடுது, இழுத்தா வெறும் முள்தான் வருது.

பதில்: அதுதான் குளிர்கால கடி, தக்கை முங்கும்னு காத்திருக்காதீங்க. மீன் இரையை வாயில எடுத்துட்டு நின்ன இடத்துலயே நிக்கும், ஓடாது. முள்ளை சின்னதாக்குங்க, 6ஆம் நம்பர் போடற இடத்துல 10 இல்ல 12 (நம்பர் ஏற ஏற முள் சின்னது). முள்ளுக்கு மேல வர்ற நரம்பை மெலிசா மாத்துங்க. தக்கையையும் மெல்லிசா எடுத்து நுனி மட்டும் தெரியற மாதிரி ஈயம் வைங்க, அரை அங்குலம் ஏறினாலும் சரி இறங்கினாலும் சரி உடனே சுண்டுங்க.

கேள்வி: ரோகு, கட்லாவுக்கும் இதே முறைதானா?

பதில்: இல்ல. அதுங்க வெப்பப் பகுதி மீனுங்க, ரோகு 14 டிகிரிக்குக் கீழ நல்லா வளரவே வளராது. மேல சொன்னது எல்லாம் சாதாக்கெண்டைக்கு.

கேள்வி: ஏரி முழுக்க ஐஸ் மூடிட்டா மீன் மூச்சு எப்படி விடுது?

பதில்: தண்ணில கரைஞ்ச ஆக்சிஜன்லதான். ஐஸ் மேல பனி கொட்டிட்டா வெளிச்சம் உள்ள போகாது, செடிங்க ஆக்சிஜன் விடாது, மெதுவா குறையும், மீன் சாகற அளவுக்குக்கூட போகும். இதுல குரூசியன் கார்ப்னு ஒரு சொந்தக்கார மீனும் தங்கமீனும் ஒரு அதிசயம் பண்ணுதுங்க, ஆக்சிஜனே இல்லாத தண்ணில உடம்புல சேர்ற லாக்டிக் ஆசிடை ஆல்கஹாலா மாத்தி செவுள் வழியா வெளிய விட்டுடும், அதுக்கான என்சைம் எப்படி உருவாச்சுன்னு 2017ல ஒரு ஆய்வு விளக்கிச்சு. நம்ம சாதாக்கெண்டைக்கு அந்த வசதி கிடையாது. வீட்டுக் குளம் உறைஞ்சா சுத்தியலால உடைக்காதீங்க, அந்த அதிர்வு மீனைத் தாக்கும், சுடுதண்ணி ஊத்தின பாத்திரத்தை ஐஸ் மேல வெச்சு ஓட்டை போடுங்க. ஏரி ஐஸ் மேல நடக்கவே நடக்காதீங்க, எங்க மெல்லிசா இருக்குன்னு கண்ணால பாத்து சொல்ல முடியாது.

கேள்வி: பிடிச்சதும் போட்டோ எடுத்துட்டு விட்டுடறேன், குளிர்ல எதாவது கவனிக்கணுமா?

பதில்: கட்டாயமா. காத்து பூஜ்யத்துக்குக் கீழ இருந்தா செவுள் நொடியில பாதிக்கும், அது மெல்லிய சவ்வு. கேமராவை முன்னாடியே தயார் பண்ணி வெச்சுட்டு அப்புறம் மீனைத் தூக்குங்க. கையும் விரிப்பும் நனைஞ்சு இருக்கட்டும், காஞ்ச கையால பிடிச்சா மேல இருக்கற வழவழப்பு உரிஞ்சிடும், மந்தமான மீனுக்கு அது திரும்ப வர நாள் ஆகும். கடும் உறைபனின்னா போட்டோவே வேணாம், வலையை தண்ணிக்குள்ளயே வெச்சு முள்ளைக் கழட்டி அப்படியே விடுங்க.

கேள்வி: எந்த நாள், எந்த நேரம் போகலாம்?

பதில்: திடீர்னு குளிர் இறங்கின முதல் நாள் வீட்ல இருங்க. தண்ணியோட சூடு ஒரே மாதிரி நாலஞ்சு நாள் நின்னா, அது குறைஞ்ச சூடா இருந்தாலும் பரவால்ல, மீன் பழகிட்டு மேய ஆரம்பிக்கும். மேகமூட்டமா, காத்து கொஞ்சம் வெதுவெதுப்பா மாறின நாள் இன்னும் நல்லது. மதியத்துல இருந்து இருட்டற வரைக்கும் உக்காருங்க. சின்னதா ஒரு தெர்மாமீட்டரை நூல்ல கட்டி தண்ணிக்குள்ள விட்டு ஒவ்வொரு தடவையும் எழுதி வைங்க, உங்க ஏரியில எந்த டிகிரில கடிக்குதுன்னு வேற யாரும் சொல்லத் தேவையில்ல.