முகத்துவாரக் கேள்விகள்: முதலில் மட்டத்தைச் சொல்லுங்கள்

கேள்வி: 60 மீட்டர் அகல முகத்துவாரத்தின் நீரோட்டத்தைக் கணினி மாதிரியில் கணக்கிட 20 மீட்டர் கட்டம் போதுமா?

பதில்: போதாது. மூன்றே கட்டங்களில் நடுவில் பாயும் நீரையும் ஓரத்தில் சுழலும் நீரையும் பிரித்துக் காட்ட முடியாது. குறுக்கே எட்டுப் பத்துக் கட்டங்களாவது வேண்டும். வெளிக்கடலில் 300 மீட்டர் கட்டமே தாராளம். கட்டத்தைப் பாதியாக்கினால் காலப்படியையும், அதாவது ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் இடையிலுள்ள நேரத்தையும், பாதியாக்குங்கள்.

கேள்வி: மாதிரியை ஓட்டினால் அரை நாளில் நீர்மட்டம் எங்கோ போய்விடுகிறது. என்ன காரணம்?

பதில்: எந்த மென்பொருள், எவ்வளவு காலப்படி, கடல் எல்லையில் என்ன கொடுத்தீர்கள், ஆழம் எந்த மட்டத்திலிருந்து? ஒன்றையும் எழுதாமல் காரணம் கேட்டால் நான் எதைப் பார்த்துச் சொல்வது? காலப்படியைப் பத்தில் ஒன்றாக்கி ஓட்டிப் பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் கோளாறு எல்லையிலோ ஆழத் தரவிலோ இருக்கிறது. விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: சென்னை அருகே ஓர் உப்பங்கழி. உள்ளே ஓத வீச்சு (நீர் ஏறி இறங்கும் உயரம்) மாதிரியில் 40 செ.மீ., அளவீட்டில் 25 செ.மீ. வாயில் தரை உராய்வைக் குறிக்கும் மானிங் எண்ணை 0.025-இலிருந்து 0.06 ஆக்கினேன், அப்படியே பொருந்தியது. அறிக்கை கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மணல் தரைக்கு 0.02 முதல் 0.03 வரை எழுதலாம். 0.06 புதர் மண்டிய ஓடைக்கு எழுதுகிற எண். உங்கள் வாயில் புதரா இருக்கிறது?

இணைத்திருந்த ஆழத் தரவைப் பார்த்தேன். வெளிக்கடல் ஆழம் கடல் வரைபடத்திலிருந்து வந்தது. அது வரைபட மட்டத்துக்கு, அதாவது ஓதம் மிகத் தாழும்போது நீர் நிற்கும் மட்டத்துக்கு, கீழே எழுதப்படுவது. கழியின் ஆழமும் வாயின் ஆழமும் நில அளவையில் வந்தவை. அவை சராசரி கடல்மட்டத்தை ஒட்டியவை. சென்னையில் இரண்டுக்கும் ஏறக்குறைய 0.65 மீட்டர் வித்தியாசம். வெளிக்கடல் ஆழத்துக்கு மட்டும் கூட்ட வேண்டிய 0.65-ஐ நீங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கூட்டிவிட்டீர்கள். அதனால் 1 மீட்டர் ஆழமுள்ள வாய் உங்கள் கணினியில் 1.65 மீட்டர் ஆகிவிட்டது. நீர் கடத்தும் திறன் ஆழத்தின் 5/3 அடுக்காக ஏறும். கணக்குப் போட்டால் 2.3 மடங்கு. உராய்வை நீங்கள் ஏற்றியது 2.4 மடங்கு. ஒரு பிழையை இன்னொரு பிழையால் மறைத்திருக்கிறீர்கள்.

நீர்மட்டத்தோடு இது நின்றுவிடாது. அதே நீர் ஆழமான வாய் வழியே போவதாகக் கணக்கானதால் வேகம் 40 சதவீதம் குறைகிறது. மணல் நகர்வு வேகத்தின் நான்காம் அடுக்கு வாக்கில் மாறும். எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதை வைத்து எத்தனை லட்சம் கன மீட்டர் தூர்வார வேண்டும் என்று சொல்வீர்கள்? பணிக்காலத்தில் இதே பிழையுள்ள ஓர் அறிக்கை என் மேசைக்கு வந்தது. வண்ணப் படங்கள் நாற்பது பக்கம். மட்டம் பற்றி ஒரு வரி இல்லை. அதை நம்பித் தூர்வாரிய வாய் அடுத்த கோடைக்குள் அடைந்துவிட்டது. படகை மணலில் இழுத்துக் கடலுக்குக் கொண்டுபோனவர்கள் அந்த ஊர் மீனவர்கள். இன்றும் எனக்கு ஆறவில்லை.

மட்டத்தைத் திருத்துங்கள். மானிங் எண்ணை 0.025-க்கே கொண்டுவாருங்கள். பிறகு ஒரு பௌர்ணமி ஓதத்தில் வாயில் 13 மணி நேரம் நீர்வேகத்தை அளந்து ஒப்பிடுங்கள். நீர்மட்டம் பொருந்தி வேகம் பொருந்தாவிட்டால், ஆழத்தை நம்பாதீர்கள்.

கேள்வி: மாதிரியில் மணல் தரையின் மாற்றத்தை 200 மடங்கு பெருக்கி, 18 நாள் ஓட்டத்தில் பத்தாண்டைக் கணிக்கலாமா?

பதில்: அலை மோதும் வாயில் கூடாது. எந்தப் பதினெட்டு நாள்? நம் கரையில் தென்மேற்குப் பருவத்தில் மணல் வடக்கே போகும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்பும். ஒரு பருவத்தைப் பெருக்கினால் கிடைப்பது இல்லாத ஒரு கடற்கரை.

கேள்வி: எங்கள் ஊர் முகத்துவாரம் கோடைதோறும் அடைகிறது. இருபுறமும் கற்சுவர் போட்டால் நிற்குமா? (மீனவர் ஒருவர்)

பதில்: ஐயா, ஓதத்தில் உள்ளே புகுந்து வெளியேறும் நீர்தான் வாயைக் காக்கிறது. அந்த நீரின் கன அளவை, ஓராண்டில் அங்கே வந்து சேரும் மணலின் கன அளவால் வகுக்க வேண்டும். கடற்கரைப் பொறியாளர் பெர் புரூன் வகுத்த அளவுகோலில் 150-க்கு மேல் வந்தால் வாய் நிலைக்கும். 20-க்குக் கீழே நிலைக்காது. நீங்கள் சொன்னபடி கழி 2 சதுர கி.மீ., ஏற்றம் 30 செ.மீ. என்றால் 6 லட்சம் கன மீட்டர் நீர். நம் கரையில் மணலும் ஆண்டுக்குச் சில லட்சம் கன மீட்டர் நகர்கிறது. விடை ஒற்றை இலக்கம்தான். ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் திறந்துவிடுகிறது. வெள்ளம் ஓய்ந்ததும் அலை மூடுகிறது.

சுவர் சில காலம் உதவும். ஆனால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் கரை கரைந்தது. ஆகவே உங்களுக்கு வடக்கே உள்ள ஊர்களையும் சேர்த்து மாதிரி போடச் சொல்லுங்கள்; சேரும் மணலை வடக்கே கடத்தும் ஏற்பாட்டையும் கேளுங்கள். வாய் திறந்த நாளையும் அடைந்த நாளையும் எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பு எந்தப் பொறியாளரிடமும் இல்லை.

கேள்வி: இரண்டு நாள் ஓத அளவீடு இருக்கிறது. போதுமா?

பதில்: போதாது. அமாவாசையின் பெரிய ஓதமும் அட்டமியின் சிறிய ஓதமும் ஒரு சுற்று வர 15 நாள் ஆகும். குறைந்தது அத்தனை நாள், முடிந்தால் ஒரு மாதம். ஓதமானியை உயரம் தெரிந்த எந்தக் குறிக்கல்லோடு இணைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.