முன்பணம் கட்டுவதற்கு முன்

அன்புள்ள ஐயா,

போன வாரம் நீங்கள் மூவரும் வந்து போன பிறகு இரண்டு நாள் யோசித்துவிட்டு இதை எழுதுகிறேன். நேரில் பேசியபோது உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக முடியும்" என்று சொல்லி அனுப்பினேன். அந்த வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கவலைப்பட வேண்டியது இருக்கத்தான் செய்கிறது. மகளைப் பற்றி எனக்குப் பயமில்லை. நீங்கள் கையோடு கொண்டுவந்த இசைப் பள்ளியின் பளபளப்பான கையேட்டையும், கடனுக்காக அதற்குள் மடித்து வைத்திருந்த வீட்டுப் பத்திரத்தின் நகலையும் பார்த்துத்தான் பயந்தேன்.

உங்கள் அண்ணன் நம் பேச்சின் நடுவே இரண்டு முறை தொலைபேசியில் அழைத்தார். முதல் முறை, பொறியியல் படிக்கட்டும், இசையை ஓய்வு நேரத்தில் வைத்துக்கொள்ளட்டும் என்றார். பெண் அசையவில்லை என்று தெரிந்ததும் அடுத்த அழைப்பில், "இசைதான் என்றால் உலகப் புகழ்பெற்ற இடத்திலாவது படிக்கட்டும், நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள முடியும்" என்றார். அந்த நாலு பேர் கடன் தவணையில் பங்கு எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் ஒரு படிப்பைத் தேர்ந்தெடுக்க இதைவிட மோசமான காரணத்தை நான் கேட்டதில்லை.

இன்னொன்று. 'மியூசிக் புரொடியூசர்' என்று அவள் சொன்னதும் அவர் பதறியதற்குப் பாதிக் காரணம் நம் மொழிப் பழக்கம். தயாரிப்பாளர் என்றால் பணம் போடுபவர் என்றுதான் நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். இவள் சொன்னது வேறு. ஒரு பாட்டு எப்படி ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்து, பாடகரை வேலை வாங்கி, பதிவு செய்து, ஒழுங்குபடுத்தி, கேட்கத் தகுந்த ஒன்றாக்கிக் கொடுப்பவரைச் சொன்னாள். முதல் போடும் வேலை அல்ல. அவர் மறுபடி அழைத்தால் இதை முதலில் சொல்லிவிடுங்கள்.

அந்தத் தொழிலின் உண்மையான நாள் எப்படி இருக்கும் என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெட்டுப் பிறக்கும் நேரம் வாரத்தில் சில மணி. மிச்சமெல்லாம் கோப்புகளுக்குப் பெயரிடுவது, பாடகரின் சுருதியைச் சீர்செய்வது, ஏழாவது முறையாக ஒரே பாட்டைத் திருத்தி அனுப்புவது, பணம் எப்போது வரும் என்று பணிவாக நினைவூட்டுவது. ஒவ்வொரு பாட்டிலும் இரண்டு சொத்துரிமைகள் இருக்கின்றன: இயற்றப்பட்ட பாட்டுக்கு ஒன்று, பதிவுசெய்யப்பட்ட ஒலிக்கு இன்னொன்று. இரண்டிலும் யாருக்கு எத்தனை பங்கு என்று வேலை முடிந்த அன்றே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்காதவர்கள் பிறகு நண்பர்களையும் இழக்கிறார்கள். இணையத்தில் ஏற்றிவிட்டால் காசு கொட்டும் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். இணையத்தில் பாட்டுக் கேட்கும் சேவையான ஸ்பாட்டிஃபை 2024 முதல், ஒரு பாட்டு முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்கு உரிமத்தொகையே கணக்கிடுகிறது. பின்னணிக்கு மலிவாக இசை கேட்கும் வேலைகளை இனி இயந்திரமே செய்துகொடுக்கும். மேடை, போட்டி நிகழ்ச்சி, இசை ஆசிரியர் வேலை இவற்றைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவை உங்களுக்கே தெரியும். தவிர, மேடை என்றதும் அவள் நாற்காலியில் சுருங்கி உட்கார்ந்ததை நீங்களும் பார்த்தீர்கள்.

கையேட்டுக்கு வருகிறேன். அது மோசமான பள்ளி என்று சொல்லமாட்டேன். நல்ல அறை, நல்ல ஒலிபெருக்கிகள், தவறைக் காது கொடுத்துக் கேட்டுச் சொல்லும் ஆசிரியர்கள், கூட வாசிக்க நாலு சக மாணவர்கள், இவை உண்மையான மதிப்புள்ளவை. முழு உதவித்தொகை கிடைத்தால் பெட்டியைக் கட்டச் சொல்லியிருப்பேன். கிடைக்கவில்லை. வீட்டை அடமானம் வைத்துப் போவதற்கு அது ஈடாகாது. இந்தத் தொழிலில் வேலை கொடுப்பவர் சான்றிதழை வாங்கிப் பார்ப்பதில்லை; "நீ செய்ததைப் போட்டுக் காட்டு" என்கிறார். அங்கே சொல்லித்தரும் மென்பொருள் உங்கள் வீட்டுக் கணினியிலும் அதேபோல்தான் ஓடும்.

கடனில் என்னைப் பயமுறுத்துவது தொகை மட்டுமல்ல, தேதி. தவணை மாதாமாதம் ஒரே நாளில் வந்து நிற்கும். இசைக்காரரின் வருமானம் முதல் சில ஆண்டுகள் ஒரு மாதம் குவியலாக வரும், அடுத்த மூன்று மாதம் எட்டிப் பார்க்காது. அந்தத் தேதிக்குப் பயந்து கிடைத்த வேலையையெல்லாம் ஒப்புக்கொண்டு, கற்றுக்கொள்ள வேண்டிய வயதில் கற்காமல் போனவர்களை என் மேசைக்கு எதிரே உட்காரவைத்துப் பேசியிருக்கிறேன். இன்னும் மனம் ஒப்பவில்லை என்றால் அந்தப் பள்ளிக்கு எழுதிக் கேளுங்கள்: இரண்டு ஆண்டுகளுக்கு முன் படித்து முடித்தவர்களில் எத்தனை பேர் ஒலி வேலையை மட்டும் வைத்து வாடகை கட்டுகிறார்கள்? ஒரு மாணவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் ஸ்டுடியோ தனியாகக் கிடைக்கும்? பழைய மாணவர்கள் மூவரோடு, அவர்கள் பொறுக்கித் தருபவர்களோடு அல்ல, நாம் தேர்ந்தெடுப்பவர்களோடு பேசலாமா? பதிலுக்குப் பதில் கையேடே மறுபடியும் வந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

இனி உங்கள் மகள். ஒரு மாதமாகச் செய்ததையெல்லாம், நல்லது கெட்டது பார்க்காமல், திறந்து காட்டச் சொன்னேன். பாதியில் நின்ற பாட்டுகள் பதினொன்று இருந்தன. இந்த வயதில் அது இயல்பு, நான் அதைக் குறையாக எண்ணவில்லை. கடைசியில் இருந்த ஒரு கோப்புறையை அவள் திறக்கத் தயங்கினாள். "அது சும்மா, பள்ளி நாடக வீடியோ. இதற்குப் போய் விடிய விடிய உட்கார்ந்திருந்தாள்" என்று நீங்கள் சிரித்தீர்கள். ஐயா, அன்று நான் கேட்டவற்றில் முழுமையாக முடிக்கப்பட்டிருந்தது அது ஒன்றுதான். பதிவில் மழை இரைச்சல், நாற்காலி இழுபடும் ஓசை, ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் இருமல். யாரும் கேட்காமலே, காசு இல்லாமலே, ஒவ்வொரு வசனத்தையும் தனித்தனியாக எடுத்துத் துடைத்து, மழையை வெட்டுகள் தெரியாமல் ஒரே சீராக ஓடவிட்டிருந்தாள். ஒரு சொல் அடிபட்ட இடத்தில் ஒத்திகைப் பதிவிலிருந்து அதே சொல்லை எடுத்து ஒட்டியிருந்தாள். எங்கே என்று அவள் சொல்லும்வரை எனக்குத் தெரியவில்லை.

இதற்கு ஒரு தொழில் இருக்கிறது. டயலாக் எடிட்டர், வசன ஒலித்தொகுப்பாளர். திரைப்படம், தொடர், ஆவணப்படம், ஒலிநூல், கணினி விளையாட்டு என்று மனிதர் பேசும் இடமெல்லாம் அவருக்கு வேலை உண்டு. இப்படி ஒருவர் இருப்பதே பலருக்குத் தெரியாது. அவர் பெயர் ஓடும்போது பார்வையாளர்கள் எழுந்து போய்க்கொண்டிருப்பார்கள். அவர் வேலை நன்றாக இருந்தால் அது காதில் விழவே விழாது.

அந்த வேலையைச் சற்று விரித்தே சொல்கிறேன், ஏனெனில் உங்களுக்கு வேறு யாரும் சொல்லப்போவதில்லை. படத்தொகுப்பு முடிந்ததும் காட்சியும் அதன் மூல ஒலிகளும் இவரிடம் வரும். தலைக்கு மேலே நீட்டிப் பிடித்த பூம் மைக்கின் ஒலி ஒன்று, ஒவ்வொரு நடிகரின் சட்டைக்குள்ளும் ஒளித்துவைத்த சிறு மைக்கின் ஒலி ஒவ்வொன்று. பூம் இயல்பாக ஒலிக்கும், ஆனால் அறையின் எதிரொலியையும் சேர்த்து அள்ளிவரும். சட்டை மைக் நெருக்கமாகக் கேட்கும், துணி உரசும். எந்த வரிக்கு எது என்று முடிவு செய்வதிலிருந்து வேலை தொடங்குகிறது. கேமரா கோணம் மாறும் ஒவ்வொரு வெட்டிலும் பின்னணி இரைச்சலும் துள்ளிக் குதிக்கும். அதனால் கோணத்துக்கு ஒரு டிராக்காக, அதாவது தனி ஒலி வரிசையாகப் பிரித்து, ஓரங்களை நீட்டி, ஒன்றை மங்கவிட்டு இன்னொன்றை எழவிட்டுத் தைக்க வேண்டும். இடைவெளி விழுந்தால் அங்கே வெறும் மௌனத்தை வைக்கக் கூடாது. முழு மௌனம் கேட்பவருக்கு ஒலி அறுந்தது போலிருக்கும். படப்பிடிப்பின்போது எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்து அந்த அறையின் சும்மா இருக்கும் ஒலியை அரை நிமிடம், ஒரு நிமிடம் பதிவு செய்து வைப்பார்கள். ரூம் டோன் என்று பெயர். ஓட்டையை அடைப்பது அதுதான்.

ஒரு சொல் கெட்டிருந்தால், ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்த டேக்குகளில் பயன்படுத்தாதவற்றைத் தோண்டி அதே சொல்லை, சில நேரம் ஒரு மெய்யெழுத்தை மட்டும், எடுத்துவர வேண்டும். எடுத்துவந்தது சுருதியிலும் வேகத்திலும் முன்பின் சொற்களோடு இசைய வேண்டும். இசை கற்ற காது இங்கேதான் காசாகிறது. மின்கம்பி இரைச்சல் 50 அல்லது 60 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் வரும். மற்றவர்களுக்கு அது வெறும் உறுமல், உங்கள் மகளுக்கு அது ஒரு சுரம். உதட்டசைவோடு ஒலி பொருந்துவதிலும் அப்படித்தான். ஒலி 40 மில்லி விநாடிக்கு மேல் முந்தவோ 60 மில்லி விநாடிக்கு மேல் பிந்தவோ கூடாது என்பது ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் பரிந்துரை. தாளம் தவறினால் உடம்பு கூசுகிறவர்களுக்கு இந்த அளவுகோலை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மூச்சைப் பற்றி ஒரு வார்த்தை. புதிதாக வருகிறவர்கள் ஆர்வக்கோளாறில் எல்லா மூச்சொலிகளையும் துடைத்துவிடுவார்கள். பாத்திரம் பேசும் பிணமாகிவிடும். நாடகப் பதிவில் அழுகைக்கு முன் வரும் மூச்சை உங்கள் மகள் விட்டுவைத்திருந்தாள். ஏன் என்று கேட்டேன். "அது வசனம்தானே" என்றாள். இதைக் கற்றுக்கொடுப்பது கடினம்.

காலடி, கதவு, கோப்பை வைக்கும் ஓசை போன்றவற்றைப் பேச்சிலிருந்து பிரித்துத் தனி டிராக்கில் வைப்பதும் இவர் பொறுப்பு. வேறு மொழியில் டப்பிங் செய்யும்போது பேச்சு போய்விடும், இவை மட்டும் மிஞ்ச வேண்டும். காப்பாற்றவே முடியாத வரிகளைப் பட்டியலிட்டு, நடிகரை ஸ்டுடியோவுக்கு அழைத்து மறுபதிவு செய்யச் சொல்வதும் இவர்தான். இரைச்சல் நீக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டனவே, இந்த வேலையும் போய்விடாதா என்று நீங்கள் கேட்கலாம். துடைக்கும் பகுதி வேகமாக எளிதாகிக்கொண்டிருக்கிறது. துடைக்க மட்டும் தெரிந்தவர் தாக்குப்பிடிக்கமாட்டார். ஐந்து டேக்குகளில் எது உண்மையாக ஒலிக்கிறது என்று தேர்ந்தெடுப்பவருக்கு இடம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பாட்டை விட்டுவிடச் சொல்லவில்லை. பாட்டுக்கு வயிற்றுப்பாட்டைச் சுமக்கும் வேலை வேண்டாம் என்கிறேன். தவிர, ஒலியைத் தைக்கத் தெரிந்த இசைத் தயாரிப்பாளர் ஸ்டுடியோவில் தனியாகத் தெரிவார்.

அப்படியானால் என்ன படிப்பது? கடன் இல்லாமல் கட்டக்கூடிய, வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய ஒரு பட்டம். இயற்பியல் என்றால் ஒலியியலுக்கு உதவும்; மொழி, மொழியியல் என்றால் வசனத்துக்கு உதவும். அவள் இரண்டாவதைத் தொட்டால் அண்ணன் மறுபடியும் அழைப்பார், பொறுத்துக்கொள்ளுங்கள். கருவிகளில் முதல் செலவு ஒரு நல்ல, காதை முழுக்க மூடும் ஹெட்போன். மென்பொருளுக்கு, ஒலியைப் பதிவு செய்யவும் தொகுக்கவும் உதவும் ரீப்பர் போதும். 60 நாள் சோதித்துப் பார்த்துவிட்டு வாங்கலாம். அதற்குப் பிறகு வாங்கும் ஒவ்வொரு கருவியும் அவள் சம்பாதித்த பணத்தில் வரட்டும். இதில் நான் இறங்கிவரமாட்டேன். கருவி வாங்குவது உழைப்பது போலவே தோன்றும், அதனால்தான் இந்தத் துறையில் அத்தனை பேர் அதில் மூழ்குகிறார்கள்.

வேலை பழக, திரைப்படம் படிக்கும் மாணவர்களின் குறும்படங்களைக் கேட்டு வாங்கட்டும். அவர்கள் படத்தை அழகாக எடுத்துவிட்டு ஒலியைக் கோட்டைவிட்டிருப்பார்கள். முதல் மூன்று இலவசம், நான்காவதிலிருந்து கூலி. நான்காவதும் இலவசம் என்றால் அது வேலை அல்ல, சுரண்டல். கூலியைக் கேட்டு வாங்க அவளுக்குக் கூச்சமாக இருந்தால் கூடப் போய் நில்லுங்கள்.

காதையும் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரத்தை எல்லையாகச் சொல்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. இரவில் ஹெட்போனோடு அவள் உட்காரும் அளவுக்கு இது கணக்கு வைக்க வேண்டிய விஷயம். இப்போதே ஒரு செவித்திறன் பரிசோதனை செய்து, முடிவைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு ஒப்பிட வேண்டி வரும்.

அடுத்த மாதம் வரும்போது அவள் ஒன்று கொண்டுவர வேண்டும்: ஒரே பத்தியை இரண்டு வெவ்வேறு அறைகளில், இரண்டு மைக்குகளில் படித்துப் பதிவு செய்து, வரிக்கு வரி மாற்றி மாற்றி ஒட்டிய மூன்று நிமிடம். ஒட்டு எங்கே என்று நான் தேடுவேன். அந்த மூன்று நிமிடத்தை உட்கார்ந்து செய்ய அவளுக்கே அலுப்பாக இருந்தால் நான் எழுதியதில் பாதியைக் கிழித்துப்போட்டுவிட்டு வேறு வழி பார்ப்போம். அவள் விருப்பத்தை நான் ஊகித்திருக்கிறேன். உறுதிசெய்ய வேண்டியது அவள்.

முன்பணம் கட்டக் கடைசி நாள் இந்த மாத முடிவு என்று படிவத்தில் போட்டிருந்தது. கட்ட வேண்டாம். வீட்டுப் பத்திரம் இருந்த இடத்துக்கே போகட்டும். உங்கள் அண்ணனிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் அவரை என்னிடம் பேசச் சொல்லுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் இருப்பேன்.