அந்த ஒரு பக்கத்தை எங்கிருந்து எழுதுவது?

வணக்கம்.

உங்கள் கடிதத்தையும் அதோடு அனுப்பிய போர்ட்ஃபோலியோவையும் இரண்டு முறை நிதானமாகப் பார்த்தேன். இன்டீரியர் டிசைன் படிப்பு முடிய இன்னும் சில வாரங்கள்தான். இறுதிக் கண்காட்சிக்கு 'என் வடிவமைப்புக் கொள்கை' என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு முறை எழுதியும் வகுப்பில் எல்லோரும் எழுதியதைப் போலவே இருக்கிறது, எனக்கென்று ஒரு கொள்கையே இல்லையோ என்று பயமாக இருக்கிறது என்கிறீர்கள்.

கொள்கை இருக்கிறது. நீங்கள் தேடுகிற இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

முதலில் அந்த நான்கு வரைவுகளைப் பார்ப்போம். 'அழகும் பயன்பாடும் இணையும் இடங்களை உருவாக்குவதே என் நோக்கம்' என்று ஒன்றில் எழுதியிருக்கிறீர்கள். இன்னொன்றில் 'எளிமையே அழகு'. மனதார எழுதியவை என்பது தெரிகிறது. ஆனால் அழகும் வேண்டாம், பயன்பாடும் வேண்டாம் என்று சொல்கிற டிசைனர் யாராவது இருப்பாரா? யாருமே மறுக்க மாட்டார்கள் என்பதால்தான் எல்லோருடைய பக்கமும் ஒரே மாதிரி ஆகிவிடுகிறது. மூன்றாவது வரைவு 'வடிவம் பயன்பாட்டைப் பின்தொடர்கிறது' என்று தொடங்குகிறது. அது அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி சல்லிவன் 1896-ல் உயரமான அலுவலகக் கட்டடங்களைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரையில் வந்த கருத்து. அவர் எதிரில் இருந்த சிக்கல் வேறு, உங்கள் எதிரில் இருப்பது வேறு. அதை எடுத்துவிடுங்கள்.

சரி, வரைவுகளை ஓரமாக வைத்துவிட்டு உங்கள் ஃப்ளோர் பிளான்களை (மேலிருந்து பார்க்கும் தள வரைபடங்களை) மட்டும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு மருத்துவமனைக் காத்திருப்புக் கூடம், ஒரு நூலகம், ஒரு சிறிய குடியிருப்பு. மூன்றுக்கும் நிறத்திலோ பொருளிலோ ஒற்றுமை கிடையாது. ஆனால் மூன்றிலும் வாசலுக்கு உள்ளே, முதல் சில அடிகளுக்குள், உட்கார ஓர் இடம் இருக்கிறது. காத்திருப்புக் கூடத்தில் வரவேற்பு மேசைக்கு முன்பே 45 செ.மீ. உயரத்தில் ஒரு பெஞ்ச், முதியவர்கள் ஊன்றி எழுந்திருக்க இரண்டு பக்கமும் கைப்பிடி. பெஞ்சின் முதுகு சுவரோடு சேர்ந்திருக்கிறது, முகம் கதவைப் பார்த்திருக்கிறது. அதற்கு முன்னால் சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப 1500 மி.மீ. விட்டிருக்கிறீர்கள். நூலகத்தில் அதே வேலையை அகலமான ஒரு ஜன்னல் திண்டு செய்கிறது. அந்தக் குடியிருப்பில்தான் எனக்கு உண்மையிலேயே ஆச்சரியம்: இடமே போதாத வீட்டில் ஓர் அலமாரியைக் குறைத்துவிட்டு வாசலோரம் 60 செ.மீ. அகலத்தில் ஓர் இருக்கை வைத்திருக்கிறீர்கள். சேமிப்பு இடம் போதவில்லை என்று ஜூரியில், அதாவது மதிப்பிடும் குழுவில், மதிப்பெண் குறைத்ததாகக் கடிதத்தில் சொல்லியிருந்தீர்கள். அப்படியும் இறுதி வரைபடத்தில் அந்த இருக்கை அப்படியே இருக்கிறது!

மதிப்பெண் போனாலும் விடாமல் பிடித்துக்கொண்டது எதுவோ, அதுதான் நீங்கள் தேடுகிற ஒரு பக்கத்தின் முதல் வரி. ஓர் இடத்துக்குள் நுழைகிறவருக்கு, அடுத்து என்ன என்று முடிவெடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் நிற்கவோ உட்காரவோ இடம் வேண்டும் என்று நீங்கள் நம்புகிறீர்கள். ஏன் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அந்த 'ஏன்' இரண்டாவது பத்தி.

இப்படி ஒரு நம்பிக்கை வரைபடத்தில் எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பதற்கு உங்கள் துறையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 1926-ல் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி, ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகர வீட்டுவசதித் திட்டத்துக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் ஏறக்குறைய 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ரயிலின் உணவுப் பெட்டியில் இருக்கும் சமையலறையைப் பார்த்து, வீட்டில் சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், எங்கே குனிகிறார் என்று கணக்குப் போட்டு வரைந்தார். ஜன்னலுக்குக் கீழே வேலை மேசை, அங்கே உட்கார்ந்து வேலை செய்ய ஒரு சுழல் ஸ்டூல், சுவரிலிருந்து மடக்கி இறக்கும் இஸ்திரிப் பலகை. சுமார் 10,000 வீடுகளில் அது வந்தது. வீட்டு வேலையும் வேலைதான், அதில் வீணாகும் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்ற அவருடைய எண்ணத்தை அந்தப் பிளானைப் பார்த்தே படித்துவிடலாம். பின்னாளில் பெண்ணியவாதிகள், ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய அந்த அறை பெண்ணைத் தனியாக அடைத்துவிட்டது என்று கடுமையாக விமர்சித்ததும் அதே பிளானைப் படித்துத்தான். உங்கள் பக்கத்தைப் படித்துவிட்டு ஒருவர் 'நான் இதை ஏற்கவில்லை, சேமிப்பு இடம்தான் முக்கியம்' என்று வாதாட முடிந்தால், சரியாக எழுதியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

எழுதும்போது பெரிய சொற்களுக்குப் பதில் நீங்கள் எடுத்த முடிவை எழுதுங்கள். 'சூழலுக்கு உகந்த' என்று போடுகிற இடத்தில், நூலகத்தில் பழைய கதவுப் பலகைகளை மேசையாக மாற்றியதைச் சொன்னால் போதும். 'இதமான வெளிச்சம்' என்பதற்குப் பதில், காத்திருக்கும் இடத்துக்கு மஞ்சள் சாயலான 2700 கெல்வின், படிவம் நிரப்பும் மேசைக்கு அதைவிட வெண்மையான 4000 கெல்வின் என்று ஏன் பிரித்தீர்கள் என்று எழுதுங்கள். நானூறு சொல்லுக்கு மேல் வேண்டாம்.

அப்புறம் வேலை. உங்கள் அப்பா 'இந்தத் தத்துவமெல்லாம் சோறு போடுமா' என்று கேட்பதாக எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்வி, அவரிடம் நேராகவே பேசுங்கள். வேலைக்குப் புதிதாகச் சேர்பவரை எந்த அலுவலகமும் கொள்கைக்காக எடுப்பதில்லை. அளவெடுக்கத் தெரிகிறதா, வொர்க்கிங் டிராயிங் (சைட்டில் வேலை செய்பவர்களுக்கான அளவு வரைபடம்) பிழையில்லாமல் வருகிறதா, மென்பொருளில் கை ஓடுகிறதா என்றுதான் பார்ப்பார்கள். முதல் ஒன்றிரண்டு வருடம் மெட்டீரியல் சாம்பிள் அடுக்குவதும், சைட்டுக்குப் போய் டேப் பிடிப்பதும், கழிப்பறை டைல் எண்ணிக்கை போடுவதுமாகவே போகலாம். அது தோல்வி கிடையாது. எல்லோரும் அந்த வழியாகத்தான் போகிறார்கள். கொள்கை உதவுவது நேர்காணலின் நடுவில். 'பட்ஜெட்டைப் பாதியாகக் குறைத்தால் இதில் எதை எடுத்துவிடுவீர்கள்?' என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். பலர் அங்கேதான் தடுமாறுகிறார்கள். நீங்கள் தடுமாற வேண்டியதில்லை. எதை எடுக்க மாட்டீர்கள் என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், மற்றதை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வரலாம். இந்தப் பதிலை வீட்டில் அப்பாவிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். துறைக்கு வெளியே இருக்கும் அவருக்குப் புரிந்தால் வாடிக்கையாளருக்கும் புரியும்.

போர்ட்ஃபோலியோவில் எட்டு புராஜெக்ட் இருக்கிறது. மூன்று போதும். முதல் வருடத்து மூட் போர்டுகள் (நிறம், பொருள், படங்களை ஒட்டிய பலகைகள்) எல்லாம் வெளியே போகட்டும். குழுவாகச் செய்த நூலகத்தில் உங்கள் பங்கு எது என்று ஒரு வரி எழுதுங்கள். கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. குடியிருப்பு புராஜெக்டில் நிராகரித்த முதல் பிளானையும் சேருங்கள், அலமாரி எப்படி இருக்கையாக மாறியது என்பது அப்போதுதான் தெரியும்.

ஒன்று மட்டும் இன்றைக்கே செய்யுங்கள். இரண்டாம் பக்கம் முழுக்க மாலை வெயில் விழுகிற மாதிரி ஒரு ரெண்டர், அதாவது கணினியில் உருவாக்கிய படம், இருக்கிறதே, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, பதினொன்றாம் பக்கத்து மூலையில் சின்னதாகக் கிடக்கிற, குறுக்கே வெட்டிப் பார்த்த மாதிரி வரைந்த பெஞ்ச் செக்‌ஷனை அங்கே முழுப் பக்கத்துக்கு வையுங்கள். கைப்பிடியின் உயரத்தை அதில் குறிக்கவில்லை. அந்த அளவையும் போட்டு எனக்கு அனுப்புங்கள்.