விண்டோஸ் கணினியில் கேம் கன்ட்ரோலரை இணைத்தால் கேரக்டர் தானாக நகர்கிறது, மெனுவில் ஒரு அழுத்தத்துக்கு இரண்டு வரி தாண்டுகிறது. எப்படிச் சரிசெய்வது?

இவை இரண்டும் பெரும்பாலும் தனித்தனிக் கோளாறுகள். டிரைவரை நீக்கி மறுபடி நிறுவினால் இரண்டுமே தீராது.

முதலில் கேமையும், கேம்களை வாங்கி ஓட்டும் ஸ்டீம் செயலியையும் முழுதாக மூடுங்கள். டாஸ்க்பார் ஓரத்தில் ஒளிந்திருக்கும் ஸ்டீம் ஐகானிலும் எக்ஸிட் கொடுக்க வேண்டும். விண்டோஸ் விசையுடன் ஆர் விசையை அழுத்தி, வரும் பெட்டியில் ஆங்கிலத்தில் joy.cpl என்று தட்டுங்கள். கன்ட்ரோலரின் பெயரைத் தேர்ந்து ப்ராப்பர்ட்டீஸுக்குள் போய், ஸ்டிக்கைத் தொடாமல் பாருங்கள். கூட்டல் குறி நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்தால், பழுது கன்ட்ரோலரில்தான். (எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் இரண்டு ட்ரிக்கரையும் சேர்த்து அழுத்தினால் அச்சு நடுவுக்கே வந்துவிடும். அது பழுதல்ல, பழைய டைரக்ட்இன்புட் முறை இரண்டையும் ஒரே அச்சாகப் படிப்பதால் வருவது.)

சாதாரண ஸ்டிக்குக்கு அடியில், அதன் சாய்வை அளக்கும் இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்கள் உண்டு. உள்ளே கார்பன் தடத்தில் ஒரு தகடு உரசிக்கொண்டே இருக்கும். தூசி சேர்ந்தாலோ தடம் தேய்ந்தாலோ நடுப்புள்ளி நகர்ந்துவிடும். அந்த ஜன்னலிலேயே உள்ள காலிபரேஷனை நம்பாதீர்கள். எக்ஸ்இன்புட் (எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலருக்கான விண்டோஸின் புதிய முறை) வழியாகப் படிக்கும் கேம்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. கேமிலோ ஸ்டீமிலோ டெட்ஸோனை, அதாவது நடுவைச் சுற்றி அசைவைக் கண்டுகொள்ளாத பகுதியை, 5 சதவீதத்தில் தொடங்கி, நகர்வு நிற்கும்வரை இரண்டிரண்டாகக் கூட்டுங்கள். இடது ஸ்டிக்குக்கு எக்ஸ்இன்புட் பரிந்துரைக்கும் அளவே 32767-க்கு 7849, அதாவது ஏறக்குறைய 24 சதவீதம். அதற்கும் அடங்காவிட்டால் பேட்டரியைக் கழற்றி, ஸ்டிக்கின் அடியில் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டுச் சுழற்றி, நன்றாகக் காயவிடுங்கள். தூசி என்றால் சரியாகும். தேய்மானம் என்றால் ஸ்டிக் மாட்யூலை மாற்றத்தான் வேண்டும். அப்போது காந்தத்தால் அளக்கும் ஹால் எஃபெக்ட் வகையையே போடுங்கள், அதில் உரசும் தடமே கிடையாது.

மெனு தாண்டுவதற்குக் காரணம், கேம் ஒரே கன்ட்ரோலரை இரண்டாகப் பார்ப்பது. ஸ்டீமில் உள்ள ஸ்டீம் இன்புட் என்ற வசதி ஒரு போலி எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரை உருவாக்கும்; கேம் அதையும் படிக்கும், அசலையும் படிக்கும். லைப்ரரியில் கேமின் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் கன்ட்ரோலர் பகுதிக்குப் போய் ஸ்டீம் இன்புட்டை அணையுங்கள். எக்ஸ்இன்புட் மட்டுமே தெரிந்த கேமில் பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர் என்றால் அதை அணைக்கக் கூடாது. பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரை எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலராகக் காட்டும் டிஎஸ்4விண்டோஸ் செயலி ஓடினால் அதை மூடுங்கள். டிஎஸ்4விண்டோஸ்தான் வேண்டுமென்றால் ஸ்டீம் இன்புட்டை அணைத்து, ஹிட்ஹைட் என்ற கருவியைக் கொண்டு அசல் கன்ட்ரோலரைக் கேமின் கண்ணில் படாமல் மறைத்துவிடுங்கள்.

புளூடூத்தில் மட்டும் அழுத்தம் தாமதமானால், டாங்கிளை (யுஎஸ்பியில் செருகும் புளூடூத் துண்டை) யுஎஸ்பி 3 போர்ட்டுகளிலிருந்து விலக்கி, யுஎஸ்பி 2 நீட்டிப்புக் கேபிளில் மேசை மேல் வையுங்கள். யுஎஸ்பி 3 கிளப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிடும்.