இரட்டைச் சுமை என்றால் என்ன? தாய்மார் வேலைக்குப் போவது இந்தக் காலத்துப் பழக்கமா?

சம்பள வேலையும் வீட்டு வேலையும் ஒரே ஆளின் தலையில் விழுவதுதான் இரட்டைச் சுமை. தாய்மார் எக்காலத்திலும் உழைத்தவர்களே. தறிக்குப் பக்கத்தில் தூளி, வயல் வரப்பில் மரக்கிளையில் தூளி. ஆலைகள் வந்ததும் வேலையிடம் வீட்டை விட்டுப் பிரிந்தது, சிக்கல் அங்கேதான். முற்றத்துக் கிணறு ஊருக்கு வெளியே போய்விட்டதுபோல: அதே குடம், அதே தண்ணீர், நடைதான் கூடியது.

பம்பாய்ப் பஞ்சாலைப் பெண்கள், தாங்கள் திரும்பும்வரை குழந்தை தூங்க அபின் உருண்டை கொடுத்தார்கள். அன்பில்லாமல் அல்ல, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல். 1929இல் பம்பாய் மாகாணம் பேறுகால உதவிச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் செலவு முழுவதும் முதலாளி தலையில் விழுந்ததால், பெண்களை வேலைக்கு எடுக்கவே தயங்கினார்கள். (இன்றும் நேர்காணலில் "கல்யாணம் எப்போது?" என்று கேட்பது இதனால்தான்.) செலவைக் காப்பீட்டு நிதி ஏற்கும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) முறை இதைவிட நல்ல வழி.

1961இல் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. 2017இல் வந்த திருத்தம், முதல் இரு குழந்தைகளுக்கான பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 ஆக்கியது. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் தினம் 4 முறை போய்ப் பார்க்கலாம்.

நிரந்தரப் பணியாளருக்கு மட்டுமே இந்த விடுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் தற்காலிகப் பணியாளருக்கும் உண்டு.